திரையில் எழுத்து இல்லை: கோவையில் அப்பாவுடன் ஐந்து படங்கள்

2025 பொங்கலுக்கு மெல்போர்னிலிருந்து கோவைக்கு வந்து மூன்று வாரம் தங்கினேன். அந்த மூன்று வாரத்தில் ஐந்து படங்கள் பார்த்தோம். ஐந்தும் திரையரங்கில், ஐந்தும் அப்பாவுடன். அப்பாவுக்கு அப்போது 73 வயது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தைப் பார்த்து, 58 வயதில் ஓய்வு பெற்றவர். காது மந்தமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மில்லில் வேலை செய்த அவருடைய நண்பர்கள் பலருக்கும் இதே கதைதான். பேரப்பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோளைத் தொட்டால்தான் திரும்புவார்கள்.

அப்பாவுக்குக் காது கேட்காது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. "சத்தம் கேட்கிறது கண்ணு, சொல்தான் கேட்பதில்லை" என்று அவர் சொல்வதுதான் சரி. இயந்திர இரைச்சல் முதலில் தின்பது மெல்லிய, கூர்மையான ஒலிகளை. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் திறன் பள்ளமாகக் குழிந்துவிடும் என்று காது மருத்துவர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். ஆ, ஓ என்ற உயிரோசை காதில் விழும். க, ச, த, ப எல்லாம் நழுவிவிடும். பட்டம், சட்டம், கட்டம் மூன்றும் அப்பாவுக்கு ஒன்றுதான். அதனால்தான் அவரிடம் கத்திப் பேசிப் பயனில்லை. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். திரையில் வருகிற நடிகர் அப்படிப் பேசுவதில்லை. பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊர்த் திரையரங்குகளைப் பற்றிப் பேசினால் இருக்கை, குளிர்சாதனம், பாப்கார்ன் விலை என்றுதான் பேச்சு போகும். அவற்றில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. மெல்போர்னில் ஒரு தமிழ்ப் படத்துக்கு 20 டாலருக்கு மேல் கொடுக்கிறேன். இங்கே பெரிய வளாகத்தில் 190 ரூபாய் ஆனது, அதற்குமேல் இணையப் பதிவுக் கட்டணம். சிறிய திரையரங்கில் 120 ரூபாய். படத்துக்குப் போனது பண்டிகைக் கூட்டத்தில் என்றாலும் கழிவறை சுத்தமாகவே இருந்தது. இருட்டில் அப்பாவின் கையைப் பிடித்து, படிக்கட்டில் டார்ச் விளக்கு அடித்து, "ஐயா, இன்னும் இரண்டு படி" என்று கூட்டிப்போன பையனை மறக்க மாட்டேன். என் குறை ஒன்றே ஒன்றுதான். அத்தனை பெரிய திரையில், பேசுகிற பேச்சை வாசிக்க ஒரு வரி தமிழ் எழுத்து இல்லை.

முதலில் பார்த்தது விடுதலை இரண்டாம் பாகம். டிசம்பர் 20 அன்று வெளியான படம். நாங்கள் பார்த்தது ஜனவரி 9. மூன்று வாரம் ஆகிவிட்டதால் ஒரே ஒரு பகல் காட்சிதான் மிச்சம். ஏ சான்றிதழ் என்பதால் மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அப்பாவும் மட்டும் போனோம். முந்தைய நாள் ஜனவரி 8. 1946இல் அதே நாளில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் மில் தொழிலாளர்கள். அந்த நினைவு நாளை அப்பா எந்த ஆண்டும் தவற விட்டதில்லை. கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த கையோடு, "வாத்தியார் படம் ஓடுகிறதாமே, போகலாமா?" என்று அவராகத்தான் கேட்டார்.

பதிவு செய்யச் செயலியைத் திறந்தால் மொழி, நேரம், திரையின் வகை, இருக்கையின் வகை எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. வசன வரியோடு (சப்டைட்டில்) ஓடும் காட்சி எது என்று தேட மட்டும் வழியில்லாமல் இருந்தது. சில காட்சிகளின் ஓரத்தில் ஆங்கில வசன வரி உண்டு என்ற சிறிய குறி இருந்தது. அதனால் வெளிமாநிலத்தவருக்குப் பயன் உண்டு, என் மகனுக்கும் உண்டு. தீக்கதிர் நாளிதழை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற என் அப்பாவுக்கு என்ன பயன்?

வெற்றிமாறன் இந்த இரண்டாம் பாகத்தைப் பேச்சின் மீது கட்டியிருக்கிறார். பிடிபட்ட பெருமாள் வாத்தியாரைப் போலீஸ் காட்டு வழியே நடத்திக் கூட்டிப்போகிறது. அவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். விஜய் சேதுபதி குரலை உயர்த்தாமல், ஒரு நல்ல ஆசிரியர் பின்வரிசைப் பையனுக்கும் புரியும்படி சொல்வதுபோல் பேசுகிறார். இளையராஜாவின் இசை அந்தப் பேச்சுக்கு இடம் விட்டு ஒதுங்கியே நிற்கிறது. மஞ்சு வாரியர் வருகிற பகுதியில் படத்துக்குத் தனி வெளிச்சம் வருகிறது. சில இடங்களில் பேச்சு பாடமாகிவிடுகிறது, காட்சி பின்தங்கிவிடுகிறது என்பது என் கருத்து. முதல் பாகத்தில் இருந்த அச்சமும் பதற்றமும் இதில் குறைவு. ஆனாலும் உழைப்பவனின் அரசியலை இவ்வளவு நேராகப் பேசும் பெரிய நடிகரின் படம் தமிழில் அடிக்கடி வருவதில்லை. அந்தத் துணிவை மதிக்கிறேன்.

இடைவேளையில் அப்பா என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். நான் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பேசினாரே" என்றார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குடைகிறது. ஒன்றரை மணி நேரப் பேச்சை இரண்டு வாக்கியத்தில் அடைத்தது நான். அந்தப் படத்தின் ஒவ்வொரு சொல்லும் யாருக்காக எழுதப்பட்டதோ, அந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சங்கத்துக்குச் சந்தா வசூலித்தவர், வேலைநிறுத்தத்தில் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களைப் பார்த்தவர். எனக்குப் பாடமாகப் பட்ட வசனங்கள் அவருக்கு வாழ்க்கை. அவருக்கு அவை ஒன்றும் எட்டவில்லை.

இரண்டாம் பாதியில் நான் படத்தைவிட அப்பாவைத்தான் அதிகம் பார்த்தேன். ஒரு இடத்தில் அவர் உதடு அசைந்தது. திரையின் அடியில் எழுத்து வந்திருந்தது, அதை வாசிக்கிறார். புகைபிடிக்கும் காட்சி வந்தால் புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு என்று போட வேண்டும் அல்லவா, அந்த வரி. படம் முழுக்க அப்பா தன் கண்ணால் வாசித்துத் தெரிந்துகொண்டது அந்த எச்சரிக்கை ஒன்றைத்தான். சட்டம் போடச் சொன்னது, போடுகிறார்கள். வெள்ளை எழுத்து, திரையின் அடி ஓரம், யாருடைய படம் பார்க்கும் சுகமும் அதனால் கெட்டுப்போகவில்லை. அதே இடத்தில் வசனத்தையும் போடலாம்.

இந்த எண்ணம் ஒன்றும் புதியது இல்லை. கோவைக்காரர்களுக்குச் சாமிக்கண்ணு வின்சென்ட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில்வே வேலையை விட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டவர். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு சாலை இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் ஊமைப் படங்கள். நடிகர் வாயசைப்பார், அடுத்து எழுத்து அட்டை வரும். நடராஜ முதலியாரின் கீசக வதத்தில் தமிழிலும் அட்டைகள் இருந்தன. காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கதையைப் பார்த்த காலம் அது. பேசும் படம் வந்தபோது அட்டை போய்விட்டது, அட்டையோடு அப்பாவைப் போன்றவர்களும் வெளியே போய்விட்டார்கள்.

ஜனவரி 11, சனிக்கிழமை மாலை, வணங்கான். பாலா இயக்கி, அருண் விஜய் நடித்தது. நாயகன் காது கேளாத, வாய் பேசாத இளைஞன். கன்னியாகுமரிப் பக்கம் கதை நடக்கிறது. பார்வையில்லாத பெண்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் நடக்கும் ஒரு கேவலத்தைக் கண்டு அவன் கொதிக்கிறான். படம் பற்றி எனக்கு இரு மனம். அருண் விஜய் ஒரு சொல்லும் பேசாமல் உடம்பாலும் கண்ணாலும் படத்தைச் சுமக்கிறார். அவருடைய உழைப்பில் கள்ளம் இல்லை. ஆனால் பார்வையற்ற பெண்களைத் துன்பப்படுவதற்கென்றே கதைக்குள் கொண்டுவந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்களின் ஆசை என்ன, கோபம் என்ன என்று படம் நின்று கேட்கவே இல்லை. அடியும் ரத்தமும் பாலா படங்களில் பழகியவைதான். இந்த முறை அவை எனக்குச் சலிப்பையே தந்தன.

அப்பாவின் அனுபவம் வேறு. நாயகன் கையால் பேசும்போதெல்லாம் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். மில்லில் அத்தனை இரைச்சலில் வாய் பேச்சு உதவாது. அவர்களுக்கென்று கை ஜாடை இருந்தது. மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தொடுவது, நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரிப்பது, டீக்குப் போகலாமா என்றால் கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோவது. வீட்டில் நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது அதையெல்லாம் விளையாட்டாகக் கற்றுக்கொண்டோம். படம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "அந்தப் பையன் பேசியது எனக்குப் புரிந்துவிட்டது. அவனைச் சுற்றி நின்றவர்கள் பேசியதுதான் புரியவில்லை."

காது கேளாத ஒருவனைப் பற்றி எடுத்த படத்தைக் காது கேளாதவர்கள் தங்கள் ஊர்த் திரையரங்கில் முழுதாகப் பார்க்க வழியில்லை. இதைப் படக்குழு மீது வைக்கும் பழியாகச் சொல்லவில்லை. இவர்களும் பார்வையாளர்கள்தான் என்ற எண்ணமே நம் திரைத்துறையில் இன்னும் பிறக்கவில்லை.

அன்றைய காட்சியில் ஒலி மிக அதிகம். காது மிஷின் போட்டவர்களுக்கு இது கொடுமை. பின்னணி இசை ஓங்கினால் மிஷின் எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாக அமுக்கித் தருகிறது. அப்பா இருபது நிமிடத்தில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் வெளியே போய் அங்கிருந்த ஊழியரிடம் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். "காது கேட்காதவரைப் படத்துக்கு ஏன் அழைத்து வருகிறீர்கள்?" என்றார். அவர் வயதில் சிறியவர், கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. ஆனால் அதைக் கேட்டு நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு இன்னொரு திரையரங்கில் இதே வேண்டுகோளை வைத்தபோது, படம் ஓட்டுபவரே இறங்கி வந்து, "எந்த வரிசை?" என்று கேட்டு, இடைவேளைக்குப் பிறகு குறைத்துவிட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. 2024 நவம்பரில் கங்குவா படம் வந்தபோது இரைச்சலைப் பற்றிப் புகார் எழுந்து, ஒலியை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். காது நன்றாக இருப்பவர்களும் சிரமப்பட்ட பிறகுதான் அது பேச்சானது.

போகியன்று காலை காது மிஷினின் பேட்டரி தீர்ந்துவிட்டது. நாங்கள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் மிஷினைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அது 13ஆம் எண் பேட்டரி, பட்டாணியைவிடச் சிறியது, மேலே ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டியிருக்கும். நான்கு மருந்துக் கடைகளில் இல்லை. மிஷின் வாங்கிய இடம் பொங்கல் விடுமுறை. கடைசியில் கோவை ராமநாதபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர், ஊருக்குக் கிளம்பப் பாதி இறக்கிய ஷட்டரைத் திரும்பத் தூக்கி, உள்ளேயிருந்து ஆறு பேட்டரி கொண்ட அட்டையை எடுத்துத் தந்தார். தாளை உரித்துவிட்டு ஒரு நிமிடம் காற்றுப் பட விட வேண்டும், உடனே மூடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லிக்கொடுத்தார். ஆறு ஆண்டாக இந்த மிஷினைப் போடுகிற அப்பாவுக்கே அது தெரியாது. ஊருக்கு வருகிறவர்கள் இந்தப் பேட்டரி அட்டை இரண்டைப் பெட்டியில் எடுத்து வருவது நல்லது.

மாட்டுப் பொங்கலன்று மத கஜ ராஜா. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம் 12 ஆண்டு கழித்து 2025 பொங்கலுக்கு வந்தது. சுந்தர் சி. இயக்கம், விஷால், சந்தானம். பெண்களைக் காட்டும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 11 வயது மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில பாட்டுகளின்போது நெளிந்தேன். அதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: மூன்று வாரத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்த படம் இதுதான். மனோபாலாவை வைத்து நீளமாக ஒரு நகைச்சுவைப் பகுதி இருக்கிறது. இறந்துபோனவரை உயிரோடு இருப்பவர்போலத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அதற்கு வசனம் தேவையில்லை. சரிகிற தலை, தொங்குகிற கை, தாங்கிப் பிடிப்பவர்களின் பதைப்பு, இவைதான் சிரிப்பு. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேரன் அவரைப் பார்த்துச் சிரித்தான். அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்தபோது அப்பாவும் அதே நேரத்தில் சிரித்தார், யாரையும் பார்த்துத் தெரிந்துகொண்டு பின்னால் சிரிக்கவில்லை. மனோபாலா 2023இல் மறைந்துவிட்டார்; இதே படத்தில் வரும் மணிவண்ணன் 2013இலேயே போய்விட்டார். அந்த இருவரையும் புதுப் படத்தில் பார்த்தது, ஊருக்குப் போகும்போது எதிர்பாராமல் பழைய வாத்தியார் எதிரே வந்ததுபோல் இருந்தது.

காதலிக்க நேரமில்லை என்ற தலைப்பைக் கேட்டதும் அம்மா கிளம்பிவிட்டார். கிருத்திகா உதயநிதி இயக்கியிருக்கும் இந்தப் படத்துக்கும் 1964இல் ஸ்ரீதர் எடுத்த படத்துக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. செயற்கைக் கருத்தரிப்பில் குழந்தை பெற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. நித்யா மேனன் அந்தப் பாத்திரத்தைத் தன்மானத்தோடு செய்திருக்கிறார்; ரவி மோகனும் அடக்கமாக ஈடுகொடுக்கிறார். பணக்கார வீடுகளுக்குள்ளேயே கதை சுற்றுவதால் ஏழ்மையின் கவலை எதுவும் அதைத் தொடுவதில்லை. அம்மா என்ன சொல்வாரோ என்று தயங்கினேன். "அந்தப் பெண் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது?" என்றார், அவ்வளவுதான்.

வரும் வழியில் பேச்சு பழைய படத்துக்குப் போனது. நாகேஷ் பேய்க் கதை சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் மாறுமே, அந்தக் காட்சி. ஆழியாறில் எடுத்த படம் என்பதால் எங்கள் பக்கத்தில் அதன் மீது ஒரு சொந்தம் உண்டு. அப்பா ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பாலையாவின் முகத்தைச் செய்து காட்டினார். அந்தப் படத்தை இன்று அவர் ஒலியே இல்லாமல் பார்க்க முடியும். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். காது நன்றாக இருந்த காலத்தில் பார்த்த படங்கள் எல்லாம் அவரிடம் ஒலியோடு இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஊமைப் படங்கள்.

கடைசியாகப் பார்த்தது குடும்பஸ்தன். ஜனவரி 24 அன்று வந்தது. நாங்கள் 26ஆம் தேதி ஞாயிறு மாலைக் காட்சிக்கு நால்வராகப் போனோம். ராஜேஸ்வர் காளிசாமி இயக்கம், மணிகண்டன் நாயகன். இந்த விடுமுறையில் பார்த்தவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான படம் இது. கோவையில் கதை, எங்கள் பேச்சு, எங்கள் வீடுகளில் நடக்கும் அதே கணக்கு வழக்கு. வேலை போனதை வீட்டில் மறைக்கும் ஒருவன், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனை வாங்குகிறான். ஒவ்வொரு கடனும் ஒரு பொய்யைக் கூடவே கூட்டி வருகிறது. மாப்பிள்ளை முறுக்கோடு குரு சோமசுந்தரம் வந்து உட்காரும்போதெல்லாம் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. சாதி மீறிய திருமணத்தில் வந்த மருமகளை மாமியார் வீட்டில் சொல்லாமல் சொல்லிக் குத்தும் பேச்சுகளைப் படம் பூசி மெழுகவில்லை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டையில் ஒன்று மாட்டிக்கொள்கிறது. கடன் வாங்கி வீடு கட்டிய எந்தக் குடும்பத்துக்கும் அது என்னவென்று தெரியும்.

அன்று நான் நடுவில் உட்கார்ந்தேன். வலப் பக்கம் அப்பா, இடப் பக்கம் மகன். மகனுக்கு வீட்டுத் தமிழ் புரியும். இந்த வேகத்தில் கொங்குத் தமிழ் வந்தால் புரியாது. மெல்போர்னில் தமிழ்ப் படங்கள் ஆங்கில வசன வரியோடுதான் ஓடுகின்றன, அதைப் படித்தே அவன் படம் பார்த்துப் பழகியவன். "என்னம்மா சொன்னார்?" என்று அவன் இந்தப் பக்கம் சட்டையை இழுத்தான். அந்தப் பக்கம் அப்பா என் மணிக்கட்டை லேசாகத் தட்டினார். இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான், திரையில் இரண்டு வரி எழுத்து. ஒருவருக்குத் தமிழில், ஒருவனுக்கு ஆங்கிலத்தில். நான் ஒருத்தி எத்தனை பேருக்குச் சொல்வேன்? அரங்கம் குலுங்கிச் சிரித்தபோது அப்பா திரையைப் பார்க்கவில்லை. சிரிப்பவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அம்மாவும் கூடத்தில் நின்று முழுப் படத்தையும் அவருக்கு நடித்துக் காட்டினோம். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

மறுநாள் காலை அப்பா கோடு போட்ட தாளில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். திரையரங்கு மேலாளருக்கு. தான் ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, சிறுவயது முதல் படம் பார்ப்பவர், காது மந்தம், தன்னைப் போல் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு, வாரத்தில் ஒரு பகல் காட்சியையாவது தமிழ் எழுத்தோடு போட்டால் டிக்கெட் வாங்கி வருவோம் என்று எட்டு வரி. கெஞ்சல் ஒன்றும் இல்லை, சங்கத்தில் மனு எழுதிய பழக்கம்.

ஒலியைக் குறைத்துக் கொடுத்த அந்தத் திரையரங்குக்கே இருவரும் போனோம். மேலாளர் உட்காரச் சொன்னார். முழுக் கடிதத்தையும் வாசித்தார். "ஐயா, இது என் கையில் இருந்தால் நாளைக்கே போட்டுவிடுவேன்" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார். பிறகு எனக்கு விளக்கினார். முன்பு படப்பெட்டி வரும். இப்போது வருவது கோப்பு. அதைத் திறக்க, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் செல்லும் ஒரு மின்னணுச் சாவி தனியாக வரும். வசன வரி அந்தக் கோப்புத் தொகுப்புக்குள் சிறிய ஒரு தனிக் கோப்பு. அது இருந்தால் எந்தக் காட்சிக்கு வேண்டுமோ அந்தக் காட்சிக்குப் போடலாம், புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சில படங்களுக்கு அனுப்புகிறார்கள். தமிழில் தனக்கு இதுவரை வந்ததில்லை என்றார்.

ஆக, தயாரிப்பாளர்கள்தான் செய்ய வேண்டும். வசனம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. அதை மொழிபெயர்க்கவும் வேண்டாம், நேரக் கணக்கோடு அடுக்கினால் போதும். ஓடிடியில் சில படங்களுக்கு இதைச் செய்கிறார்கள். மெல்போர்னில் ஆங்கிலப் படத்துக்குப் போனால், கோப்பை வைக்கும் குழியில் செருகிக்கொள்ள வளையும் தண்டு கொண்ட சிறு கருவி ஒன்றைத் தருகிறார்கள். வசனம் அதில் ஓடும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அவ்வளவு செலவுகூட இங்கே கேட்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு ஊடகங்கள் எல்லாம் அவர்களுக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 2024 மார்ச்சில் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குப் படங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. காது கேளாதவர்களுக்கு வசன வரி, பார்வையற்றவர்களுக்குக் காட்சியை விவரிக்கும் குரல். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு ஆறு மாத அவகாசம், மற்றப் படங்களுக்கு இரண்டு ஆண்டு. அதாவது 2026 மார்ச். கோவையில் நான் பேசிய திரையரங்கு ஊழியர்களில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

திரையில் எழுத்து வரும்வரை, காது மந்தமான பெற்றோரை அழைத்துப்போகிறவர்களுக்கு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பகல் காட்சிக்குப் போங்கள், கூட்டம் குறைவு, ஒலியைக் குறைக்கக் கேட்கலாம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்துச் சுவரோர இருக்கை வேண்டாம், நடுவரிசை நல்லது. கதையின் போக்கை முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குடும்பஸ்தனுக்கு அப்படிச் செய்திருக்கலாமே என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

28ஆம் தேதி இரவு விமானம். கிளம்பும்போது அப்பா தன் கடிதத்தின் நகல் ஒன்றை மடித்து என் கைப்பையில் வைத்தார். 2026 சித்திரைக்கு வருவதாகச் சொன்னேன். வந்து இறங்கிய மறுநாளே அந்த மேலாளரைப் போய்ப் பார்ப்போம் என்றேன்.